ஒரு வன்தட்டு வாங்கப் போய் இரண்டு வாங்கி வந்தேன்

அடுப்பில் பால் பொங்கும் ஓசை கேட்டு அவசரமாக எழுந்தபோது, காலில் சிக்கிய கேபிளோடு சேர்ந்து, ஓடிக்கொண்டிருந்த வன்தட்டும் (ஹார்ட் டிஸ்க்) மேசையிலிருந்து மொசைக் தரையில் விழுந்தது. இரண்டரை அடி உயரம்தான் இருக்கும். எடுத்துத் துடைத்து மறுபடி செருகினேன். விளக்கு எரிந்தது, உள்ளே தகடு சுழலத் தொடங்கும் மெல்லிய இரைச்சலும் கேட்டது. அதன்பின் சீரான இடைவெளியில் ‘டிக்... டிக்... டிக்’ என்று பத்துப் பதினைந்து முறை ஒலித்துவிட்டு, இரைச்சலும் அடங்கிப்போயிற்று. மடிக்கணினியின் திரையில் அந்த வன்தட்டு வந்து சேர்ந்ததற்கான அடையாளம் எதுவும் தோன்றவில்லை.

அந்த ஒரு டெராபைட்டில் இருந்தவற்றில் பெரும்பகுதி போனதற்காக நான் வருந்தியிருக்க மாட்டேன். பார்த்து முடித்த திரைப்படங்களும், இனி எந்தக் கணினியிலும் ஓடாத மென்பொருள்களின் நிறுவல் கோப்புகளும்தாம் அதில் மிகுதி. ஆனால் அவற்றுக்கு நடுவே, இரண்டு கோடைகளில் ஒரு சிற்றூர் நூலகத்தில் உட்கார்ந்து, நாட்டு விடுதலைக்கு முந்தைய இதழ்களைப் பக்கம் பக்கமாக நான் எடுத்த ஒளிப்படங்கள் ஏறத்தாழ 11,000 இருந்தன. மெய்ப்புத் திருத்துவதும் மொழிபெயர்ப்பதும் எனக்குத் தொழில். பழைய இதழ்களைத் தேடிப் போவது அத்தொழில் கொண்டுவந்து விட்ட பழக்கம். மடிக்கணினியில் இடம் போதவில்லை என்பதற்காக அப்படங்கள் அனைத்தையும் ‘காப்பு நகல்’ என்று நானே பெயரிட்ட வன்தட்டுக்கு நகர்த்தியிருந்தேன். நகலெடுக்கவில்லை, நகர்த்தினேன். மூலத்தைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, அதை நகல் என்று அழைத்துக்கொண்டு மூன்று ஆண்டுகள் நிம்மதியாக இருந்திருக்கிறேன் என்பது அந்த ஒலியைக் கேட்ட பிறகுதான் உறைத்தது.

தரவு மீட்பு நிலையம் ஒன்றுக்குக் கொண்டுபோனேன். படிக்கும் முனை தகட்டை உரசியிருக்கிறது, திறந்து பார்த்துத்தான் சொல்ல முடியும், செலவு 45,000 ரூபாய் வரை ஆகலாம், பாதியை முன்பணமாகக் கட்ட வேண்டும், கிடைக்கும் என்று உறுதி தர இயலாது என்றார்கள். அவர்கள் சொன்னதில் தவறு ஒன்றும் இல்லை. இத்தொழிலின் இயல்பே அதுதான். நான் திரும்பி வந்துவிட்டேன். நண்பர் ஒருவர் படிப்பதற்கென்று என்னிடமிருந்து எப்போதோ பென் டிரைவில் வாங்கிப் போயிருந்த ஏறத்தாழ 6,000 பக்கங்கள் அவருடைய கணினியில் அப்படியே இருந்தன. எஞ்சிய 5,000 பக்கங்களுக்காக மறுபடி அந்த ஊருக்குப் போனபோது, நூலகத்தின் ஓர் அலமாரியைக் கறையான் முந்திக்கொண்டிருந்தது.

இவ்வளவையும் முதலில் சொல்வதற்குக் காரணம், ‘எந்த ஹார்ட் டிஸ்க் நல்லது?’ என்று இப்போது யாரேனும் கேட்டால், எந்த நிறுவனத்தின் பெயரும் என் வாயில் முதலில் வருவதில்லை என்பதுதான். சுழலும் வன்தட்டை இன்று உலகில் தயாரிப்பவை சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா ஆகிய மூன்றே நிறுவனங்கள். சாம்சங்கின் வன்தட்டுப் பிரிவை 2011 இல் சீகேட்டும், ஹிட்டாச்சியின் பிரிவை 2012 இல் வெஸ்டர்ன் டிஜிட்டலும் வாங்கிக்கொண்ட பிறகு, வேறு எந்தப் பெயர் பொறித்த பெட்டியைப் பிரித்தாலும் உள்ளே இம்மூன்றில் ஒருவருடைய தட்டுதான் இருக்கும். மூன்றும் பழுதாகும்; மூன்றும் பல்லாண்டு உழைக்கவும் செய்யும். மூன்று ஆண்டு உத்தரவாதம் என்று அட்டையில் அச்சிட்டிருப்பது, பழுதானால் வேறொரு காலித் தட்டைத் தருவார்கள் என்பதற்கான உத்தரவாதமே தவிர, அதிலிருந்த ஒரு கோப்புக்குக்கூட அது பொறுப்பேற்காது.

ஆகவே சென்னை அண்ணா சாலையை ஒட்டிய, கணினிக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குக் கிளம்பும் முன்பு, நிறுவனங்களை ஒப்பிடுவதை விட்டுவிட்டு, என் தேவையைத் தாளில் கணக்கிட்டுப் பார்த்தேன். மடிக்கணினியில் உள்ள 512 ஜிபியில் 380 ஜிபி நிரம்பியிருந்தது. காப்பு நகல் என்பது இன்றைய நிலையை மட்டும் வைத்துக்கொள்வதன்று. போன மாதம் தவறுதலாக அழித்த அத்தியாயத்தையும், திருத்தித் திருத்திக் கெடுத்துவிட்ட மொழிபெயர்ப்பின் கெடாத வடிவத்தையும் திருப்பித் தருவதும் அதன் வேலையே. விண்டோஸின் ஃபைல் ஹிஸ்டரியும் மேக்கின் டைம் மெஷினும் கோப்புகளின் பழைய வடிவங்களை அடுக்கி வைத்துக்கொண்டே போவதால், அவற்றுக்கு இடம் வேண்டும். மேக்கின் கொள்ளளவைப் போல இரு மடங்காவது இருக்கட்டும் என்று ஆப்பிள் நிறுவனமே சொல்கிறது. அந்தக் கணக்கில் எனக்கு ஒரு டெராபைட் போதும். ஒன்றுக்கும் இரண்டுக்கும் விலையில் பெரிய இடைவெளி இல்லாததால் இரண்டு டெராபைட் என்று முடிவு செய்தேன்.

கடையில் ஐந்து டெராபைட் தட்டைக் காட்டினார்கள். “சார், ஒரு டிபிக்கு எவ்வளவு விழுதுன்னு போட்டுப் பாருங்க, இதுதான் லாபம்” என்றார் கடைக்காரர். கணக்கில் அவர் சொன்னது சரி. ஆனால் பெரிய தட்டு வீட்டுக்கு வந்தால் பரண் ஆகிவிடும் என்பதை என் பழைய தட்டிடமிருந்து நான் கற்றிருந்தேன். இடம் இருக்கிறதே என்று கண்டதையெல்லாம் ஏற்றி, மடிக்கணினியில் இடம் பிடிப்பவற்றையும் அங்கே நகர்த்தி, ஒரு நாள் அது நகல் என்னும் நிலையிலிருந்து மூலம் என்னும் நிலைக்கு யாரும் அறியாமல் மாறிவிடும். அத்துடன், ஐந்து டெராபைட் தட்டின் விலையில் ஏறத்தாழ இரண்டு ‘இரண்டு டெராபைட்’ தட்டுகள் வரும் என்பது அங்கே நிற்கும்போதுதான் புலப்பட்டது. அந்த இடத்திலேயே என் திட்டம் மாறியது. அதற்கான முழுக் காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

வாங்கிய பின் வரும் ஒரு குழப்பத்தை இங்கேயே சொல்லி முடித்துவிடலாம். இரண்டு டெராபைட் என்று வாங்கியதை விண்டோஸ் 1.81 என்று காட்டும். ஒரு டெராபைட்டை 931 ஜிபி என்று காட்டும். யாரும் ஏமாற்றவில்லை. தயாரிப்பாளர் ஒரு டெராபைட் என்பதை ஓர் இலட்சம் கோடி பைட் என்று பதின்மக் கணக்கில் எண்ணுகிறார். விண்டோஸ் ஒவ்வொரு படியையும் 1,024 ஆல் வகுக்கிறது. மேக் 2009 முதல் தயாரிப்பாளரின் கணக்குக்கே மாறிவிட்டது.

சுழலும் தட்டா, நினைவகச் சில்லுகளில் தகவலைச் சேர்க்கும் எஸ்எஸ்டியா என்பதில்தான் நான் அதிக நேரம் செலவிட்டேன். சுழலும் வன்தட்டில் படிக்கும் முனை தகட்டைத் தொடாமல், சில நானோமீட்டர் உயரத்தில், தகட்டின் சுழற்சி எழுப்பும் காற்றின்மீது மிதந்து செல்கிறது. நம் தலைமுடியின் தடிமன் பல்லாயிரம் நானோமீட்டர் என்பதை நினைத்தால் அந்த இடைவெளி எவ்வளவு சிறியது என்று விளங்கும். தட்டு ஓடாதபோது முனை ஓரத்திலுள்ள தாங்கியில் ஏறி ஒதுங்கிக்கொள்வதால், அப்போது கீழே விழுந்தால் பெரும்பாலும் பிழைத்துவிடும். ஓடும்போது விழுந்தால் என்ன ஆகும் என்பதை என் வீட்டு மொசைக் தரை காட்டிவிட்டது. எஸ்எஸ்டியில் நகரும் உறுப்பு எதுவும் இல்லை. விழுந்தாலும் அஞ்ச வேண்டியதில்லை. வேகமும் பல மடங்கு. இவ்வளவு இருந்தும் நான் சுழலும் தட்டையே வாங்கியதற்கு முதற்காரணம் விலை; அன்று அதே கொள்ளளவுள்ள எஸ்எஸ்டிக்கு இரு மடங்குக்கும் மேல் கேட்டார்கள்.

இரண்டாம் காரணம் சற்று நுட்பமானது. எஸ்எஸ்டி தகவலை மிக நுண்ணிய அறைகளில் மின்னூட்டமாகச் சேர்த்து வைக்கிறது. மின் இணைப்பே இல்லாமல் நெடுங்காலம் கிடந்தால் அது மெல்லக் கசியும். பயனர்களுக்கான எஸ்எஸ்டி தன் எழுதும் ஆயுளை முழுதும் தீர்த்த நிலையிலும், மின்சாரமின்றி 30 டிகிரி வெப்பத்தில் ஓராண்டுக் காலம் தகவலைக் காத்திருக்க வேண்டும் என்பது ஜெடெக் என்னும் தர நிர்ணய அமைப்பின் வரையறை. புதிய எஸ்எஸ்டி இதைவிட நெடுநாள் தாங்கும் என்பதில் ஐயமில்லை. ஆயினும், அலமாரிக்குள் மாதக்கணக்கில் கிடக்கப்போகும் ஒரு பொருளுக்கு, அதுவும் சென்னையின் வெப்பத்தில், காந்தப் பதிவையே என் மனம் நம்பியது. தினமும் பையில் போட்டுக்கொண்டு அலைபவராக இருந்தால் நானும் எஸ்எஸ்டியையே வாங்கியிருப்பேன்.

இனி, பெட்டியின்மேல் அச்சிடப்படாத ஒரு செய்தி. இன்று கிடைக்கும் கையடக்கத் தட்டுகளில், குறிப்பாக ஒரு டெராபைட்டும் அதற்கு மேலும் உள்ளவற்றில், பெரும்பாலானவை எஸ்எம்ஆர் என்னும் முறையில் எழுதுபவை. நாட்டு ஓடு வேய்ந்த கூரையைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. ஓர் ஓட்டின் விளிம்பின்மேல் அடுத்த ஓடு ஏறி உட்கார்ந்திருப்பதைப் போல, ஒரு பதிவுத் தடத்தின் ஓரத்தை மூடியபடி அடுத்த தடம் எழுதப்படுகிறது. அதே பரப்பில் கூடுதல் தடங்களைத் திணிக்க இது வழி. ஆனால் நடுவில் ஓர் ஓட்டை மாற்ற வேண்டுமென்றால் அதன்மேல் ஏறியிருக்கும் ஓடுகளையெல்லாம் எடுத்துத்தானே ஆக வேண்டும்? தட்டும் அப்படித்தான், இடையில் உள்ள சிறு பகுதியைத் திருத்த, ஒரு பெரும் பகுதியையே படித்து மறுபடி எழுதுகிறது. இந்த வேலையை உடனுக்குடன் செய்ய முடியாததால், வருவதையெல்லாம் முதலில் ஒரு தனிப் பகுதியில் வாங்கி வைத்துக்கொண்டு, ஓய்வு கிடைக்கும்போது உரிய இடத்தில் அடுக்குகிறது.

என் தட்டில் இதைக் கண்ணெதிரே பார்த்தேன். முதல் நகலெடுப்பு நொடிக்கு 120 எம்பி வேகத்தில் தொடங்கி, நெடுநேரம் அப்படியே ஓடி, பிறகு 30க்கு இறங்கித் தயங்கித் தயங்கி நகர்ந்தது. எல்லாம் முடிந்ததாகத் திரை சொன்ன பிறகும், உள்ளங்கையை வைத்துப் பார்த்தால் பெட்டிக்குள் முனை அங்குமிங்கும் போய்வரும் அதிர்வு கால்மணி நேரம் வரை தெரிந்தது. விருந்தினர் போன பிறகு பாத்திரம் கழுவுவதைப் போல அது தன் வேலையை முடித்துக்கொண்டிருந்தது. வாரத்துக்கு ஒரு முறை காப்பு நகல் எடுப்பவருக்கு இதனால் குறை ஒன்றும் இல்லை. அதே தட்டிலிருந்து நேரடியாகக் காணொளி தொகுக்க நினைப்பவர்தான் அவதிப்படுவார். பல கணினிகள் வலையமைப்பு வழியே பகிரும் சேமிப்பகங்களுக்கென்று (நாஸ்) விற்கப்பட்ட சில வன்தட்டுகளிலும் இம்முறை சொல்லாமல் புகுத்தப்பட்டிருந்தது 2020 இல் வெளிவந்து, தயாரிப்பாளர்கள் தங்கள் எந்தெந்த வகைகளில் அது உள்ளது என்று பட்டியல் வெளியிட வேண்டியதாயிற்று.

வேகத்தைப் பற்றிய விளம்பரங்களைப் பொருட்படுத்த வேண்டாம். யுஎஸ்பி 3.0 என்று பிறந்தது பின்னர் 3.1 ஜென் 1 ஆகி, அதன்பின் 3.2 ஜென் 1 என்று மறுபெயர் பெற்றது; மூன்றும் நொடிக்கு 5 ஜிகாபிட் என்ற ஒரே வேகம். சுழலும் கையடக்கத் தட்டு எவ்வளவு முயன்றாலும் நொடிக்கு 140 எம்பி அளவில் நின்றுவிடுவதால், அதைவிட வேகமான துளை அதற்குத் தேவையில்லை. கவனிக்க வேண்டியது எதிர்த்திசையில்தான். பழைய யுஎஸ்பி 2.0 துளையில் செருகினால், என் 380 ஜிபிக்கு ஒரு மணி நேரம் ஆக வேண்டிய இடத்தில் மூன்று மணி நேரத்துக்கும் மேல் ஆகும். இரண்டரை அங்குலத் தட்டுகள் மடிக்கணினியின் துளையிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்கின்றன. மூன்றரை அங்குல மேசைத் தட்டுகளுக்குத் தனி அடாப்டர் வேண்டும். தனியாக ஒரு பிளக்கைத் தேட வேண்டிய வேலை வந்தாலே நான் அதை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவிடுவேன் என்பதால், மேசைத் தட்டை எண்ணிப் பார்க்கவே இல்லை.

கேபிளின் முனையையும் பார்த்து வாங்குங்கள். இரண்டு துண்டாகப் பிரிந்தாற்போன்ற அகலமான மைக்ரோ-பி முனைதான் இன்றும் பல தட்டுகளில் வருகிறது. அது ஆடத் தொடங்கினால் நகலெடுக்கும்போது நடுவில் இணைப்பு அறும். டைப்-சி துளை உள்ளது கிடைத்தால் நல்லது. சில தட்டுகளில் இந்தத் துளை வன்தட்டின் மின்சுற்றுப் பலகையிலேயே நேராகப் பற்றவைக்கப்பட்டிருக்கும். துளை உடைந்தால், வன்தட்டைக் கணினியோடு நேராக இணைக்க உதவும் வழக்கமான சாட்டா இணைப்பு உள்ளே இருக்காது. தட்டைக் கழற்றி வேறு பெட்டியில் போட்டுப் படிக்கவும் முடியாது. பழுது பார்ப்பவர்கள் இதைச் சொல்லித் தலையில் அடித்துக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன்.

போலிகளைப் பற்றி ஒரு சொல். எங்கள் அடுக்ககத்தில் ஒரு கல்லூரி மாணவர் ‘16 டெராபைட் எஸ்எஸ்டி’ ஒன்றை 2,500 ரூபாய்க்கு இணையத்தில் வாங்கி, மகிழ்ச்சியோடு என்னிடம் கொண்டுவந்தார். கணினியும் 16 டெராபைட் என்றே காட்டியது. பிரித்துப் பார்த்தால், கைப்பேசியில் போடும் சிறு நினைவக அட்டை ஒன்று உள்ளே பசையால் ஒட்டப்பட்டிருந்தது. இத்தகைய போலிகளின் உள்நிரல் பொய்யான கொள்ளளவைச் சொல்லும். உண்மையான இடம் நிரம்பியதும் பழையதன்மேல் புதியதை எழுதும். கோப்புகளின் பெயர்கள் வரிசையாகத் தெரியும், திறந்தால் ஒன்றும் இராது. நல்ல கடையில் வாங்கியதையும் சோதிக்காமல் நம்ப வேண்டியதில்லை. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் தட்டு இதுவரை எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று தெரியும். புதியதென்று விற்ற தட்டில் அது நூற்றுக்கணக்கில் இருந்தால் அன்றே திருப்பிக் கொடுத்துவிடலாம். விண்டோஸுக்கு எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸுக்கும் மேக்குக்கும் எஃப்3 என்னும் கருவிகள் முழுத் தட்டையும் எழுதிப் படித்துச் சரிபார்க்கும். இரண்டு டெராபைட்டை எழுத ஐந்தாறு மணி நேரம், படிக்க இன்னொரு ஐந்தாறு மணி நேரம் என்று ஓர் இரவு போய்விடும். போகட்டும். பிறவிக் குறை உள்ள தட்டு, ஒன்றும் ஏற்றாத அந்த முதல் இரவிலேயே விழுந்துவிடுவது நமக்கு நல்லது.

தட்டை வடிவமைப்பது (ஃபார்மட்) என்று வரும்போது, தமிழில் கோப்புப் பெயர் வைப்பவர்களுக்கென்றே சில சிக்கல்கள் உண்டு. இவற்றை எந்தக் கையேட்டிலும் நான் கண்டதில்லை. என் கோப்புகளுக்கு இதழின் பெயர், ஆண்டு, மாதம், கட்டுரைத் தலைப்பு, எழுதியவர் பெயர் என்று ஒரு வரி நீளத்துக்குப் பெயர் இருக்கும். தட்டில் கோப்புகளை அடுக்கி வைக்க விண்டோஸ் கையாளும் என்டிஎஃப்எஸ் முறைமை ஒரு பெயரில் 255 அலகுகளை ஏற்கும். தமிழ் யூனிகோடில் ஒவ்வொரு குறியும் அங்கே ஓர் அலகு. லினக்ஸில் வழக்கமான எக்ஸ்ட்4 முறைமை ஏற்பதும் 255தான். ஆனால் அது எண்ணுவது பைட்டுகளை. யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட் ஆகையால், அங்கே 85 குறிகளுக்குள் பெயர் முடிந்துவிட வேண்டும். ‘கு’ என்பது நம் கண்ணுக்கு ஓர் எழுத்து. கணினிக்கு ககரமும் உகரக் குறியுமாக இரண்டு. புள்ளி வைத்த ‘க்’ கூட இரண்டுதான். எனவே நடைமுறையில் ஐம்பது அறுபது எழுத்துகளுக்கு மேல் நீண்ட பெயர்களை அந்தத் தட்டு ஏற்க மறுத்துவிடும். விண்டோஸில் ஒழுங்காக இருந்த நாற்பது கோப்புகள் நண்பரின் லினக்ஸ் தட்டுக்குப் போகவே இல்லை என்பதை, எண்ணிக்கையை ஒப்பிட்டுப் பார்த்தபோதுதான் கண்டுபிடித்தேன்.

மேக்கிலும் ஒன்று உண்டு. அதன் பழைய முறைமையான எச்எஃப்எஸ் பிளஸ், ‘கொ’ என்பதில் உள்ள ஒகரத்தை ஒரே குறியாக வைக்காமல், கொம்பு தனி, கால் தனி என்று பிரித்தே எழுதி வைக்கும். ‘கொடைக்கானல்’ என்ற கோப்புறை மேக் போய்த் திரும்பி வந்தால், விண்டோஸுக்கு அது வேறு பெயர். கண்ணுக்கு ஒன்றேபோல் தெரியும் இரண்டு கொடைக்கானல்கள் அடுத்தடுத்து நிற்பதைப் பார்த்து, எதை அழிப்பதென்று தெரியாமல் நான் விழித்திருக்கிறேன். இப்போதெல்லாம் கோப்புறைக்கு எண்ணும் ஆண்டும் மட்டுமே பெயர். தலைப்பையும் ஆசிரியரையும் தனியே ஓர் அட்டவணைக் கோப்பில் எழுதி வைக்கிறேன். மற்றபடி, விண்டோஸை மட்டும் பயன்படுத்துபவர் என்டிஎஃப்எஸ் வைத்துக்கொள்வது சிறந்தது. மேக் அதைப் படிக்கும், தானாக எழுதாது. இரண்டிலும் வேண்டும் என்றால் எக்ஸ்ஃபேட் என்னும் முறைமை உண்டு. ஆனால் மாற்றங்களைக் குறிப்பேட்டில் பதிந்துகொள்ளும் ஏற்பாடு அதில் இல்லாததால், எழுதும்போது கேபிளை உருவினால் சேதம் கூடுதல். டைம் மெஷினுக்கு ஆப்பிளின் சொந்த வடிவமைப்பே வேண்டும். தட்டு வேறு வடிவமைப்பில் இருந்தால், அதிலுள்ளதை முதலில் அழித்தாக வேண்டும்.

ஆதார் நகல், வருமான வரிக் கணக்கு, வங்கி அறிக்கை என்று நம் கோப்புறைகளில் இல்லாதது எதுவும் இல்லை. வீட்டை விட்டு வெளியே போகப்போகும் தட்டில் இவை திறந்து கிடக்கலாகாது. விண்டோஸ் புரோ பதிப்பில், தட்டைக் கடவுச்சொல்லால் பூட்டும் பிட்லாக்கர் உண்டு. அப்படிப் பூட்டிய தட்டை ஹோம் பதிப்பில் திறக்க முடியும், புதிதாகப் பூட்ட முடியாது. ஹோம் பதிப்பு வைத்திருக்கும் நான், அதே வேலையைச் செய்யும் வெராக்ரிப்ட் என்னும் மென்பொருளைப் பயன்படுத்துகிறேன். கடவுச்சொல்லைத் தாளில் எழுதி, நிலப் பத்திரங்கள் இருக்கும் உறையில் வைத்திருக்கிறேன்; அது எங்கே இருக்கிறது என்று என் மனைவிக்குத் தெரியும். தட்டோடு இலவசமாக வரும் காப்பு மென்பொருளை நான் நிறுவுவதில்லை. அது தனக்கே உரிய வடிவில் கோப்புகளைச் சேர்த்து வைத்தால், அந்த மென்பொருள் மறைந்த பிறகு அக்கோப்புகளைத் திறக்க யாரைத் தேடுவது?

இரண்டு தட்டுகள் ஏன் என்பதற்கு வருகிறேன். 2015 டிசம்பர் முதல் இரு நாட்களில் அடையாறு கரை புரண்டபோது, கோட்டூர்புரத்தில் கீழ்த்தளத்தில் குடியிருந்த என் சக மெய்ப்பாளர் ஒருவர் குடும்பத்தோடு மொட்டை மாடிக்கு ஏறித் தப்பினார். அவருடைய மடிக்கணினியும், அதற்கு அவர் ஒழுங்காக எடுத்து வைத்த காப்பு நகலும் ஒரே மேசையின் ஒரே இழுப்பறையில் மூன்று நாள் தண்ணீரில் கிடந்தன. அவர் செய்யத் தவறியது ஒன்றுமில்லை. இரண்டும் ஒரே கூரைக்குக் கீழே இருந்தன, அவ்வளவுதான். திருட்டும் தீயும் இப்படித்தான் இரண்டையும் சேர்த்துக் கொண்டுபோகும். கணினிக்குள் புகுந்து, கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் மீட்புத்தொகை நிரல்களும் அப்படியே. 2017 மே மாதம் உலகெங்கும் பரவிய வானாக்ரை என்னும் அத்தகைய நிரல், கணினியில் செருகியிருந்த வெளித் தட்டுகளில் உள்ள கோப்புகளையும் விட்டுவைக்கவில்லை. செருகியபடியே எந்நேரமும் கிடக்கும் காப்பு நகல், கணினிக்கு வரும் எல்லாக் கேட்டிலும் பங்கு பெறும். நகலெடுத்து முடித்ததும், பாதுகாப்பாக நீக்கும்படி ஆணை கொடுத்து, தட்டு அடங்கும் வரை காத்திருந்து கழற்றிவிடுவதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டியதில்லை.

மூன்று பிரதிகள், இரு வகைச் சாதனங்கள், அவற்றில் ஒன்று வேறு இடத்தில் என்ற கணக்கைப் பரப்பியவர் பீட்டர் க்ரோக் என்னும் அமெரிக்க ஒளிப்படக் கலைஞர். என் வீட்டில் அது இப்படி அமைந்திருக்கிறது. மடிக்கணினியில் உள்ள எஸ்எஸ்டி ஒன்று. ‘அ’ என்று எழுதி ஒட்டிய தட்டு என் அலமாரியில், சிலிகா ஜெல் பொட்டலங்களோடு மூடிய டப்பாவில். ‘ஆ’ என்று எழுதிய தட்டு ஸ்ரீரங்கத்தில் அக்கா வீட்டில். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் கொண்டுபோய் வைத்துவிட்டு வெள்ளத்தைப் பற்றிப் பேசுகிறாயே என்று நண்பர்கள் சிரித்தார்கள். காவிரியில் வெள்ளம் வருவது பெரும்பாலும் ஆடி, ஆவணியில். சென்னை மூழ்குவது ஐப்பசி, கார்த்திகையில். இரண்டும் ஒரே வாரத்தில் நடக்காது என்ற நம்பிக்கையில், அக்கா வீடு இரண்டாவது மாடி என்ற கூடுதல் துணிவோடு வைத்திருக்கிறேன். மேகச் சேமிப்பை வேண்டாம் என்று சொல்லவில்லை. நடப்பு வேலைக் கோப்புகள் அங்கும் போகின்றன. ஆனால் கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிபியில் என் இதழ்ப் பக்கங்கள் அடங்கா. மேலும், ஒத்திசைவு என்பது இங்கே அழித்ததை அங்கேயும் உண்மையாக அழித்துவிடும்.

ஞாயிறு காலை ‘அ’வில் நகல் எடுக்கிறேன். தட்டை மேசையில் வைப்பதில்லை. தரையில் விரித்த மடித்த துண்டின்மேல்தான் வைக்கிறேன், கேபிளைச் சுவர் ஓரமாக விட்டு. என் தட்டின் கையேடு 5 முதல் 35 டிகிரி வரைதான் இயங்கு வெப்பம் என்கிறது. சித்திரை, வைகாசியில் அது சென்னையில் நடக்கிற காரியமாக இல்லாததால், அம்மாதங்களில் விடியற்காலையிலேயே வேலையை முடித்துவிடுகிறேன். பொங்கலுக்கும் ஆடிப்பெருக்குக்கும் ஸ்ரீரங்கம் போகும்போது ‘அ’வைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு ‘ஆ’வை வாங்கி வருகிறேன், வந்ததும் அதைப் புதுப்பித்துவிட்டால், அடுத்த ஆறு மாதங்களுக்கு அதுவே என் அலமாரித் தட்டு.

“உன் டப்பாவைப் பட்டுப்புடவைக்கு நடுவுல வெச்சிருக்கேன்டா, இந்த வீட்ல அதைவிடப் பத்திரமான இடம் கிடையாது” என்றாள் அக்கா, சென்ற பொங்கலுக்கு. ரயிலில் வரும்போதெல்லாம் பைக்குள்ளிருந்து அந்துருண்டை வாசனை வந்துகொண்டே இருந்தது. வீட்டுக்கு வந்து துண்டின்மேல் வைத்துச் செருகியதும், வழக்கம்போல் கோப்புகளின் எண்ணிக்கையைச் சரிபார்த்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு பட்டியலில் எங்கோ சொடுக்கினேன். மறுமுறை போனபோது கறையானுக்கு இரையாகியிருந்த இதழ்களில் ஒன்று. நண்பரின் கணினியிலிருந்து மீண்டு வந்த பிரதி. பக்கத்தின் வலது ஓரத்தில், தாள் பறக்காதிருக்க அழுத்திப் பிடித்திருந்த என் கட்டைவிரல் தெளிவாகத் தெரிந்தது.